பருமனான உடம்பு, இதய நலம்: உடற்பயிற்சியும் சத்து மாத்திரையும் எந்த வரிசையில்? கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செந்தூலில் எங்கள் தாமானில் காலை நடைக்குப் புதிதாக வருகிறவர்களை உடன் அழைத்துப் போவது என் வழக்கம். பாதியில் விட்டுப் போகிறவர்களைக் கவனித்தால், சோம்பலால் விட்டவர்கள் குறைவு. வரிசை மாறித் தொடங்கியவர்களே அதிகம். முதலில் மீன் எண்ணெய்ப் புட்டி வாங்குகிறார்கள். அப்புறம் ஒரு வாரம் மூச்சு முட்ட ஓடுகிறார்கள். முட்டி வலித்ததும் நின்றுவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பரிசோதனை முதலில், பிறகு நடை, பிறகு தசைப் பயிற்சி. மாத்திரை கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. தராசை விட நாடாவும் ரத்தமும் முக்கியம்

தையல் நாடா ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டாலே எச்சரிக்கைதான்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் மலேசிய மருத்துவ வழிகாட்டுதல் 27.5-லிருந்தே உடல் பருமன் என்று வைத்திருக்கிறது. மேற்கு நாடுகளில் இது 30. நமக்கு எல்லை கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு. அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம், இனிப்புநீரும் சீக்கிரம் வருகிறது.

அடுத்து ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரால், சிறுநீரகம், கல்லீரல். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர் என்றால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். தகுதி இருந்தும் கேட்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர்.

கீழே சொல்லும் எதுவும் உங்களுக்கு இருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை நடையைத் தொடங்க வேண்டாம்: நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம், முன்பே இதய நோய், 180/110-க்கு மேல் ரத்த அழுத்தம், இனிப்புநீரால் மரத்துப்போன பாதம். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பருமனானவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு. ரத்த அழுத்தம் குறைய மறுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

2. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள்

கிளினிக் மாத்திரை, பார்மசியில் வாங்கியது, சொந்தக்காரர் விற்ற தூள், ஊரிலிருந்து வந்த லேகியம், எல்லாமும். பெயர் எழுதிய தாள் போதாது, புட்டியோடு கொண்டு போங்கள். தாளில் "மூலிகை மாத்திரை" என்று எழுதியிருந்தால் மருந்தாளுநரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இதை இப்போதே செய்ய வேண்டும்? சில மருந்துகள் உடற்பயிற்சி செய்யும் விதத்தையே மாற்றும். பிசொப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகம் கூட்டக்கூடாது. இனிப்புநீருக்குக் கிளிக்கிளசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும். புறப்படும் முன் சோதித்து, 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். சிறுநீரை அதிகம் போகவைக்கும் 'தண்ணி மாத்திரை' எடுப்பவர்களுக்கு நம் வெயிலில் தலைசுற்றல் சீக்கிரம் வரும்.

3. காலணி, உடை, இடம்

காலணியை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கிய அளவில் இருக்கும். விரல் நுனிக்கும் காலணிக்கும் இடையே ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். செருப்போடு நடக்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், குறிப்பாக இனிப்புநீர் உள்ளவர்களை. ஒரு சின்னக் கொப்புளம் அவர்களுக்குப் பெரிய புண்ணாகிவிடும்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்று, தொடை உராய்வு. கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் இரண்டு தொடையும் உரசி எரிச்சல் வந்துவிட்டால் மூன்றாம் நாள் நடைக்கு வர மனம் வராது. முட்டி வரை இறுக்கமான உள் காற்சட்டை, தொடையில் கொஞ்சம் வாசலின். இதைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான் பல பெண்கள் காரணம் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

தரை சமமாக இருக்கட்டும். தித்திவங்சா ஏரிப் பூங்கா எங்களுக்குப் பக்கம். கே.எல்.சி.சி. பூங்காவில் 1.3 கிலோமீட்டர் ரப்பர் பாதை இருக்கிறது, முட்டிக்கு மென்மையானது. பத்துமலையின் 272 படிகளைத் தொடக்கப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முட்டி மேல் விழும் சுமை உடல் எடையைப் போலப் பல மடங்கு.

காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேரங்காடிக்குள் நடங்கள். புகைமூட்ட நாட்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம். அந்த நுண்துகள் நுரையீரலோடு நிற்காமல் ரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது.

4. நடை: முதலில் நிமிடத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. இது போய்ச்சேர வேண்டிய இடம், தொடங்கும் இடம் அல்ல. முதல் வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அடுத்தடுத்த வாரங்களில் ஒரு நடைக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரத்தில் 30 நிமிடம் வந்துவிடும், வாரம் 150 ஆகிவிடும். அதுவரை வேகத்தைத் தொடாதீர்கள்.

காரணம் இதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். தசைநாணும் மூட்டும் பழக மாதக்கணக்காகும். மூச்சு நன்றாக வருகிறதே என்று வேகம் கூட்டுகிறவர்களுக்குத்தான் குதிகால் வலியும் முட்டி வலியும்.

சரியான வேகம் எது என்று அறிய கருவி வேண்டாம். நடந்தபடியே பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். துடிப்பை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த முறை பொருந்தும்.

முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுநடை. ஏரியைச் சுற்றி வந்ததும் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படித் திடீரென்று நடையை நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதாக வரும்.

முட்டித் தேய்மானம் முன்பே இருந்தால் நீச்சல் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நடங்கள், இல்லையென்றால் நிற்கும் சைக்கிள். இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

தராசு நகரவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். எடை குறையாமலே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குத் தொடர் நடையால் மேல் அளவு ஏறக்குறைய 5 முதல் 8 புள்ளி இறங்கும். இதற்காகத்தான் முதலில் நாடாவால் அளக்கச் சொன்னேன்.

5. எப்போது உடனே நிற்க வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடுவது. பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி மட்டும் வரலாம்.

நம் வீடுகளில் இதைக் "காத்து பிடிச்சிருக்கு" என்று சொல்லி, தைலம் தேய்த்து, சுக்கு காப்பி கொடுத்துப் படுக்க வைப்பார்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறக்க எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு இதயத் தசை சாகிறது. 999-ஐ அழையுங்கள். நீங்களே கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

6. தசைப் பயிற்சி: பிளாஸ்டிக் நாற்காலி போதும்

நடை தொடங்கி மூன்று நான்கு வாரமான பிறகு இதைச் சேருங்கள், வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு.

நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், பின்னால் சரியாது. விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். உண்மையான பயிற்சி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? நாற்காலியில் தடித்த தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், சில வாரம் கழித்து எடுத்துவிடலாம். 8 முதல் 12 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று.

அதோடு சுவரில் கை வைத்துத் தள்ளும் பயிற்சி, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது. இந்த மூன்றே தொடக்கத்துக்குப் போதும்.

மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக்கொண்டு பலம் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஒரு நொடியில் பயங்கரமாக ஏறும். எழும்போது சத்தமாக எண்ணச் சொல்வேன். எண்ணிக்கொண்டிருக்கிறவரால் மூச்சை அடக்க முடியாது.

சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுப்பது இந்தப் பயிற்சி. ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் உறிஞ்சிக்கொள்வதும் தசைதான்.

7. தட்டும் குவளையும்

உணவைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, ஆகவே நடையை வீணாக்குவதை மட்டும் சொல்கிறேன். அரை மணி நேர நடையில் செலவாகும் ஆற்றலும், நடந்து முடித்து மாமாக் கடையில் குடிக்கும் ஒரு தே தாரேக்கின் ஆற்றலும் ஏறக்குறைய சமம். கூட ஒரு ரொட்டி சானாய் என்றால் வரவை விடச் செலவு குறைவு. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், "தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் வாரம் இரண்டு முறை கெம்போங் மீனோ மத்தியோ குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், பொரிக்காமல். பாசாரில் மலிவாகக் கிடைக்கும் மீன்கள் இவை.

8. சத்து மாத்திரை வாங்கும் முன் மூன்று கேள்வி

இங்கேதான் பணமும் போகிறது, சில சமயம் உடம்பும் போகிறது. "அக்கா, இது ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லது" என்று தெரிந்தவர் ஒருவர் புட்டியை நீட்டும்போது மறுப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். அவரிடம் இதைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது என் ரத்தப் பரிசோதனைத் தாளில் எந்த எண்ணைக் குறைக்கும்? 'கெட்ட' கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல்.-ஆ, இன்னொரு ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடா, ரத்த அழுத்தமா? "பொதுவாக இதயத்துக்கு" என்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது: மால் (MAL) எண் இருக்கிறதா? மலேசியாவில் பதிவான மருந்தில் மால் என்று தொடங்கும் எண்ணும் ஃபார்மாடேக் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'என்' (N) என்றால் சத்து மாத்திரை, 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-வின் இணையதளத்தில் தட்டிப் பார்த்து, வரும் பெயரும் புட்டியிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள், போலி எண் அச்சடிப்பவர்களும் உண்டு. பதிவு இருப்பதால் பலன் உறுதி என்று ஆகாது. தரத்தையும் பாதுகாப்பையும் அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது: என் மாத்திரைகளோடு மோதுமா? இதற்கு விற்பவரிடம் பதில் தேடாதீர்கள். 2-ஆம் படியில் கட்டிய பையோடு மருந்தாளுநரிடம் போங்கள்.

9. எது, யாருக்கு, எவ்வளவு

இசப்கோல் உமி. நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றுதான். பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கமுள்ள கடைகளில் கிடைக்கும். நாளுக்குச் சுமார் 10 கிராம் எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் வரை இறங்கும். பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிய பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கால் பங்கில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், முதல் நாளே முழு அளவு எடுத்தால் வயிறு உப்பும். பெரிய குவளைத் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மீன் எண்ணெய். புட்டியின் முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளின் அளவு இருக்கும், அதாவது வேலை செய்யும் பொருள் 300 மி.கி. மட்டும். டிரைகிளிசரைடைக் குறைக்க அந்தப் பொருள் நாளுக்கு 2 முதல் 4 கிராம் தேவை. அந்த மாத்திரையில் ஏழுக்குக் குறையாமல் விழுங்க வேண்டிவரும்.

2018-இல் வெளியான வைட்டல் ஆய்வில் நாளுக்கு 1 கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய இதயப் பாதிப்புகள் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. அதே ஆண்டு வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே கொடுத்தது சுத்திகரித்த இ.பி.ஏ. மருந்து, நாளுக்கு 4 கிராம், டிரைகிளிசரைடு கூடி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே இது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

வைட்டமின் டி, பி12. ரத்தத்தில் குறைவாக இருந்தால் மட்டும். சைவர்களும் இனிப்புநீருக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது. இதயத்தைக் காக்கும் என்று வைட்டமின் டி எடுப்பதில் பயனில்லை, வைட்டல் ஆய்வு அதையும் சோதித்துப் பார்த்தது.

பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை மாத்திரைகள். 2022-இல் வெளியான ஸ்போர்ட் ஆய்வில் இவற்றையும் மீன் எண்ணெய் முதலான வேறு சிலவற்றையும் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டினோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். ஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐ 38 சதவீதம் அளவுக்கு இறக்கியது. மற்ற எதுவும் வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. ரசத்தில் பூண்டு போடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் இதை நம்பி ஸ்டாட்டினை நிறுத்தாதீர்கள்.

வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டையும் இதயத்துக்காக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது.

10. தொடவே கூடாதவை

எடை குறைக்கும் காப்பி, தேநீர், 'டிடாக்ஸ்' தூள். சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. மலேசியாவில் பிடிபடும் கலப்பட மெலிவுப் பொருள்களில் இது இன்னமும் தென்படுகிறது. குடித்த முதல் வாரமே பசி அடியோடு போய், வாய் வறண்டு, நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்தி, பாக்கெட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

ஆண்களுக்கென்று விற்கும் 'பலம் தரும்' காப்பி. இவற்றில் வீரிய மாத்திரை மருந்துகளைக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கலவை உயிரையே எடுக்கும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி. இதிலுள்ள மோனகோலின் கே-யும் லோவாஸ்டாட்டின் மருந்தும் ஒரே பொருள். ஸ்டாட்டினோடு சேர்த்தால் இரட்டை மருந்தாகித் தசையும் கல்லீரலும் கெடும்.

பொட்டாசியம் கலந்த உப்பு. சிறுநீரகம் பழுதானவர்களும் பெரிண்டோபிரில் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் பயன்படுத்தினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறித் துடிப்பு நின்றுபோகக்கூடும்.

11. ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் மறு அளவு

இரண்டு புதிய பொருளை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். உடம்பில் தடிப்பு வந்தாலும் கொலஸ்ட்ரால் இறங்கினாலும் எதனால் என்று தெரியாமல் போகும். மூன்று மாதம் கழித்து அதே கிளினிக்கில் அதே பரிசோதனை. நீங்கள் குறி வைத்த எண் அசையவில்லை என்றால் அந்தப் புட்டியை மறுபடி வாங்காதீர்கள்.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் தெரியும், 90 கிலோ உள்ளவருக்கு அது நாலரைக் கிலோ. அளவுகள் நன்றாக வந்தால் மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் வேலை. "நடக்கிறேனே" என்று நீங்களே பாதியாக உடைத்துச் சாப்பிடக்கூடாது. அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தம் உறைவதை அவை பாதிக்கக்கூடும்.

12. விட்டுப்போன வாரங்கள், விரத நாட்கள்

தீபாவளி, காய்ச்சல், அடைமழை என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதி நிமிடத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள்.

தைப்பூச விரதம் இருக்கிறவர்கள் கிளிக்கிளசைட் அல்லது இன்சுலின் எடுத்தால், விரதம் தொடங்கும் முன்பே அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் நடைக்குப் போக வேண்டாம், விரதம் விட்டுச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நடங்கள். பாதம் மரத்தவர்கள் காவடிக்கு வெறுங்காலோடு நடப்பதைப் பற்றியும் அப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். நடந்து வந்த அன்று இரவு பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் வீட்டில் யாரையாவது விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.